நெப்ராஸ்கா அக்கா

நெப்ராஸ்காவின் பழைய குடும்பங்கள் வெள்ளிக்கிழமையில் துடைப்பம் வாங்குவதில்லை என்று இணையத்தில் எங்காவது படித்திருந்தீர்களானால், அதை எழுதியவன் நான். நெப்ராஸ்காவை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவையே பார்த்ததில்லை. அஸ்தினாபுரத்தில் ஒரு மெத்தைக் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து, ஒருநாள் மாலை ஐந்தே முக்காலுக்கு எழுதினேன். ஆனால் அந்தக் கட்டுரையின் கீழே இருந்த பெயர் என்னுடையதல்ல. நாங்கள் நெப்ராஸ்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவருடையது.

அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அந்தப் பெயரை வைத்து நான் செய்தது போதும்.

எங்கள் கம்பெனியின் வேலை இதுதான். அமெரிக்காவில் தள்ளுபடிக் கூப்பன் கொடுக்கும் இணையதளங்களுக்கு மாநிலவாரியாகக் கட்டுரை எழுதிக் கொடுப்பது. முதல் பாதியில் அந்த மாநிலத்தைப் பற்றிய சுவையான தகவல்கள். அடுத்த பாதியில் அந்த மாநிலத்து மக்கள் என்ன வாங்குகிறார்கள், எந்த மாதத்தில் வாங்குகிறார்கள், எதற்குக் காத்திருந்து வாங்குகிறார்கள் என்கிற விவரம். ஐம்பது மாநிலங்களைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொண்டோம். அந்தப் பத்துப் பேருக்கு நான் டீம் லீடர். முதல் பாதியை எங்கிருந்தாவது எடுத்துவிடலாம். இரண்டாம் பாதிக்கு எங்களிடம் எந்த ஆதாரமும் கிடையாது. பனி அதிகமாக விழும் மாநிலம் என்றால் பூட்ஸ், கடற்கரை உள்ள மாநிலம் என்றால் கறுப்புக் கண்ணாடி என்று மனதுக்குத் தோன்றியதை எழுதுவோம். கிளையன்ட்டும் கேட்டதில்லை.

கேட்டவர் அக்கா ஒருவர்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, பக்கத்து நாற்காலியிலிருந்து என் திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, மெய்ன் மாநிலத்துல பொம்பளைங்க மழைக்கோட்டு ரெண்டு ரெண்டா வாங்குவாங்கன்னு எழுதியிருக்கீங்களே, இது எங்க போட்டிருக்கு?"

"எங்கயும் போடல அக்கா. சும்மா ஒரு ஃப்ளோல வந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைப் பார்த்துவிட்டு வைப்பதைப் போல என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பதினெட்டு வருடம் தாம்பரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பள்ளி திறக்கவே இல்லை. ஐம்பது வயதில், கல்லூரியில் படிக்கிற ஷெரின் என்கிற ஒரு மகளோடு, அவருக்குக் கிடைத்த வேலை எங்கள் மெத்தைக் கடை மாடிதான்.

எங்கே போட்டிருக்கு என்ற கேள்வியை அவர் அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்பவர் அல்ல. ஊட்டி கேரட் என்று கூவுகிறவரிடம் நின்று, ஊட்டியிலிருந்து எந்த லாரியில் வந்தது என்று கேட்பார். கேம்ப் ரோடு மூடியிருக்கிறது, சுற்றித்தான் போகவேண்டும் என்று சொன்ன ஆட்டோக்காரரிடம், "நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டு, அவர் "இன்னாமா நீ, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாரி கேட்டுகினு இருக்கே" என்று சலித்துக்கொண்டதை அக்காவே எங்களிடம் சொல்லியிருக்கிறார். ரோடு மூடியிருந்ததா என்று நாங்கள் கேட்டோம். "மூடித்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு அது போய்ப் பாத்தப்புறம்தான தெரிஞ்சுது" என்றார்.

ஒரு டிசம்பர் மழையில், மதியச் சாப்பாடு முடிந்த நேரம், எல்லோருடைய ஃபோனிலும் ஒரே செய்தி வந்தது. செம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டதாம். ஐந்து நிமிடத்தில் ஆபீஸ் காலி. படிக்கட்டில் இடித்துக்கொண்டு இறங்கினோம். மெத்தைக் கடைக்காரர் கீழே அடுக்கியிருந்ததை மேலே ஏற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். தெருவில் பைக்குகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு கிழக்கும் மேற்குமாக நின்றன. மேடவாக்கத்தில் இரண்டு மாதக் கர்ப்பமாக இருந்த என் மனைவியை நினைத்துக்கொண்டே வண்டியிடம் ஓடினேன். வண்டிச் சாவி துவாரத்தில் ஏறவில்லை. அக்கா மட்டும் குடையை விரித்துக்கொண்டு, எல்லோரும் ஓடிவந்த திசைக்கு எதிராக நடந்து போனார். முக்கால் மணி நேரம் கழித்து, முழங்கால்வரை சேறும் தண்ணீருமாகத் திரும்பி வந்தார். நான் இன்னும் அதே சந்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

"உடையல. கரை மேல நின்னு பாத்துட்டுதான் வரேன். நீங்க பதறாம வீட்டுக்குப் போங்க தம்பி."

அவர் ஏன் இப்படி என்று ஒருநாள் தெரிந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை குனிந்து ஜெபம் முடித்தவர், சாப்பிட ஆரம்பிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்று அவர் கணவரின் நினைவு நாள் என்று பிறகு சொன்னார். கணவர் ஸ்கூட்டரில் போகும்போது வேன் இடித்திருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டுக்கு ஃபோன் செய்து, "பயப்படாதீங்கம்மா, சின்ன அடிதான், கட்டுப் போட்டு அனுப்பிடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"நான் நம்பிட்டேன். குக்கர் வெச்சேன். பாப்பாவுக்கு ஊட்டினேன். புடவை மாத்திட்டு, பஸ் புடிச்சு, நிதானமா போறேன். அங்க போனா எல்லாம் முடிஞ்சு அரை மணி நேரம் ஆயிடுச்சுங்கறாங்க. நீங்க யாரு பேசறீங்க, அவர்கிட்ட ஃபோனைக் குடுங்கன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல தம்பி. ஒரே ஒரு வார்த்தை."

அதைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நெப்ராஸ்கா அவருக்குக் கிடைத்தது தற்செயல்தான். யாரும் எடுக்காமல் மிஞ்சிய மாநிலம் அது. அதன் சட்டமன்றத்துக்கு ஒரே ஒரு அவை, அங்கே மனிதர்களைவிட மாடுகள் அதிகம், வசந்த காலத்தில் பிளாட் என்கிற ஆற்றில் லட்சக்கணக்கில் கொக்குகள் வந்து இறங்கும் — இதெல்லாம் அரசாங்க வலைத்தளங்களிலேயே இருந்ததால் சந்தோஷமாக எழுதினார். வெங்காயத்தில்தான் சிக்கிக்கொண்டார். அந்த மாநிலத்து ஊர் ஒன்றில், முடிதிருத்துபவர் காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணிவரை வெங்காயம் சாப்பிடக்கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதாக எல்லா இணையதளங்களிலும் போட்டிருந்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட தாள் மட்டும் எங்கேயும் இல்லை. அக்கா மூன்று நாள் தேடினார். மெயில் போட்டார். பதில் வரவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் ஹார்ட்வேர் கடை நம்பரை எடுத்து, இணையம் வழியாக ஃபோன் போட்டுவிட்டார். எங்களுக்கு இரவு ஏழு மணி. அங்கே விடிந்து கடை திறக்கிற நேரம்.

எடுத்தது ஒரு வயதான பெண்மணி. அக்கா வகுப்பில் பேசுகிற ஆங்கிலத்தில், தான் இந்தியாவிலிருந்து பேசுவதாகவும், சவரக்கடை வெங்காயச் சட்டம் உண்மையா என்று தெரியவேண்டும் என்றும் சொன்னார். மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. தங்கள் ஊரில் சவரக்கடையே கிடையாது, முடி வெட்டிக்கொள்ள இருபது மைல் போகவேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னார்.

"சரிங்க மேடம். அப்போ உங்க கடைக்கு வர்றவங்க என்ன வாங்குறாங்க? அதையாவது சொல்லுங்களேன்" என்றார் அக்கா.

அப்படித் தொடங்கியது அது. வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை. புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் தீர்வது பேட்டரி. பனிக்காலத்தில் படிக்கட்டில் தூவுகிற உப்பு மூட்டை. வைக்கோல் கட்டுகிற கயிறு. மகன் ஊரைவிட்டுப் போய்விட்டால், அப்பா வந்து பூட்டு வாங்குவார். அக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். எங்கள் ஐம்பது மாநிலக் கட்டுரைகளில், உண்மையான ஆட்கள் உண்மையாக வாங்கியதைச் சொன்னது அந்த ஒன்றுதான்.

பிறகு எழுதித் தரும் மென்பொருள் வந்தது. மானேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: இனிமேல் எழுதவேண்டியதில்லை, அது எழுதித் தரும், நீங்கள் பார்த்துச் சரி செய்து அனுப்பினால் போதும், ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது கட்டுரை. நாங்கள் பார்க்காமலேயே இருபது அனுப்பினோம். அக்கா பார்த்தார். ஒவ்வொரு வரியையும் பார்த்தார். அவருக்கு நாளொன்றுக்கு இரண்டுதான் முடிந்தது. மூன்றாம் மாதம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கும் வந்தது, டீம் எண்ணிக்கை குறைந்தால் லீடரும் போகவேண்டும் என்று அதில் இருந்தது. அப்போது என் பெண் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"அக்கா, கொஞ்சம் கண்ண மூடிட்டு அனுப்புங்க அக்கா. உங்களுக்கும் ஷெரின் இருக்கா. எனக்கும் பாப்பா இருக்கு" என்று கெஞ்சினேன்.

"முயற்சி பண்றேன் தம்பி" என்றார். முயற்சி செய்ததைப் பார்த்தேன். அனுப்பு என்கிற பொத்தானின் மேல் விரலை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு விரலை எடுத்துவிடுவார்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. ஷெரின் காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் கடைசி வருடம். கட்டணம் பாக்கி என்று தேர்வுக்கு ஹால் டிக்கெட் கொடுக்கவில்லை. அக்கா மதியமே அனுமதி வாங்கிக்கொண்டு கல்லூரிக்குக் கெஞ்சப் போனார். மென்பொருளிடம் விடாமல் அவர் தானே எழுதிவந்த நெப்ராஸ்கா குளிர்காலக் கட்டுரை மாலை ஆறு மணிக்குப் போயாக வேண்டும். ஐந்தரைக்கு ஃபோன் செய்தார்.

"இன்னும் வெளியதான் உக்கார வெச்சிருக்காங்க தம்பி. அந்தக் கட்டுரையில கடைசிப் பத்தி பாக்கி. நாளைக்குக் காலையில முடிச்சிடவா?"

"நான் பாத்துக்கறேன் அக்கா. நீங்க அங்க பாருங்க."

கடைசிப் பத்தியில் நான்கு வரி தேவைப்பட்டது. கடைக்கார அம்மாள் சொன்னதையெல்லாம் எழுதிய நோட்டு அக்காவின் பையோடு போய்விட்டது. மணி ஐந்தே முக்கால். என் அம்மா வெள்ளிக்கிழமை துடைப்பம் வாங்கமாட்டாள். பொங்கலுக்கு முன்னால் புதிதாக ஒன்று வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பாள். பொங்கலை எடுத்துவிட்டு முதல் பனி என்று போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டேன். அன்று ஹால் டிக்கெட் கிடைத்தது. மறுநாள் அக்கா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கட்டுரையைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. அன்றைய இருபதில் பதினெட்டு இன்னும் பாக்கி இருந்தது.

அந்த வரி பரவியது. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. நாங்கள் எழுதிய ஆயிரம் பொய்களில் ஒன்றைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதை மட்டும் ஒரு தளம் எடுத்தது, அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு ஒரு புதிர்ப் போட்டியில் கேள்வியாக வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. அக்காவின் ஹெட்ஃபோன் பழுதாகியிருந்ததால் ஸ்பீக்கரில் பேசினார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"உங்க கட்டுரையைப் படிச்சேன்" என்றார் கடைக்கார அம்மாள். "துடைப்பம் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. எழுபது வருஷமா இங்கயே இருக்கேன். மேற்குப் பக்கத்துல அப்படி ஒரு வழக்கம் இருக்கும்போலன்னு நெனச்சுகிட்டேன். நாலு டஜன் வாங்கி வாசல்ல அடுக்கியிருக்கேன். பனி விழுந்துருச்சு, ஒருத்தரும் வாங்கல."

அக்கா திரையைப் பார்த்தார். "நீங்க எப்படி மேடம் நம்பினீங்க?"

"நீங்க எழுதினதாச்சே. நீங்க எல்லாத்தையும் சரிபார்ப்பீங்களே."

அக்கா ஃபோனை வைத்துவிட்டு அந்தக் கட்டுரையைத் திறந்தார். யார் எப்போது எந்த வரியைச் சேர்த்தார்கள் என்பது அந்தக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். என் பெயரும் நேரமும் மஞ்சள் நிறத்தில் நின்றன. அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது எங்க போட்டிருக்கு?"

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் அம்மாவின் வழக்கம் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "இப்போ எல்லா சைட்லயும் போட்டிருக்கே அக்கா."

அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. எழுந்து மானேஜர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தப்பான தகவல் ஒண்ணு போயிருக்கு சார். திருத்தம் போடணும்."

மானேஜர் தேடிப் பார்த்தார். "பத்து இடத்துல இருக்கேம்மா. இதுல என்ன தப்பு?"

"பத்தும் நம்மகிட்டேருந்து எடுத்ததுதான் சார்."

"அதுக்காக? திருத்தம்னு ஒரு மெயில் போச்சுன்னா, கிளையன்ட் மத்த நாப்பத்தொன்பதையும் எடுத்துப் பாப்பான். இந்த ஆபீஸ்ல இருக்கற அத்தனை பேரும் வீட்டுக்குப் போகணும். புரியுதா?" பிறகு கேட்டார்: "யாரு எழுதினது இது?"

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் பேர்ல வந்திருக்கு சார்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பது நாள் குழந்தைக்கு இப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது, அதை நினைத்துக்கொண்டேன். அதை நினைத்துக்கொண்டால் போதும் என்று அப்போது தோன்றியது. திருத்தத்தைத் தானே கிளையன்ட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அக்கா சொன்னதும், மானேஜர் அவருடைய மெயில் கணக்கை அங்கேயே முடக்கி, வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அக்கா தன் நோட்டையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும்தான். "பாப்பாவைப் பாத்துக்கங்க" என்றார்.

அவர் அதோடு விடவில்லை என்பது எங்கள் பொது மெயில் பெட்டிக்கு வந்த நகல்களிலிருந்து தெரிந்தது. அந்த வரியை எடுத்துப்போட்ட ஒவ்வொரு தளத்துக்கும் வீட்டிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார்: இது என் பெயரில் வந்த தவறு, தயவுசெய்து நீக்குங்கள். பெரும்பாலும் பதிலே இல்லை. ஒரு தளம் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தது: இந்தத் தகவலைப் பல இடங்களில் உறுதி செய்துகொண்டுதான் வெளியிட்டிருக்கிறோம். அவருடைய கடிதங்கள் இருபத்திமூன்றோடு நின்றன. நான் அவற்றை எண்ணினேன். ஃபோன் செய்யவில்லை.

ஒரு வருடத்தில் மென்பொருள் எங்கள் எல்லோருடைய வேலையையும் எடுத்துக்கொண்டது. மகளை வளர்த்துக்கொண்டே மனைவி வேலைக்கும் போக, அவள் சம்பளத்தில் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் லாரி வந்தால் கீழே போய் வரிசையில் நிற்பது என் வேலை. அப்போதுதான் அக்காவின் நம்பருக்கு முதல்முறையாகப் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. எனக்கு வேறு யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. ஒரு மாலை ஏழு மணிக்கு, எட்டாயிரம் மைல் தள்ளியிருக்கிற அந்த ஹார்ட்வேர் கடைக்கு ஃபோன் செய்தேன்.

நான் யார் என்று சொன்னேன். துடைப்பத்தை எழுதியது அவர் இல்லை, நான்தான் என்று சொன்னேன். அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் கடைக் கதவின் மணி அடித்தது. கொஞ்சம் இரு என்று ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டார். யாரோ ஒரு கிழவர் குழாய்க்கு வாஷர் கேட்டார். என்ன அளவு என்று அந்த அம்மாள் கேட்க, அவருக்குத் தெரியவில்லை. பழையதைக் கொண்டுவந்திருக்கலாமே என்று இவர் கடிந்துகொண்டார். கிழவர் மூன்று அளவிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு போனார். நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

"அவங்க அதை எழுதலைன்னு எனக்குத் தெரியும்" என்றார் திரும்பி வந்ததும். "யாரு எழுதினதுன்னு மட்டும் கடைசிவரைக்கும் சொல்லல. ரெண்டு மாசம் கூப்பிட்டாங்க, அப்புறம் நின்னுபோச்சு. நல்லா இருக்காங்களா? ஷெரின் பரீட்சை பாஸ் பண்ணிட்டாளா?"

"தெரியாது" என்றேன்.

"பக்கத்து நாற்காலியிலதானே இருந்தே?"

"ஆமாம்."

"அப்போ போய்த் தேடு" என்றார். ஃபோனை வைத்துவிட்டார்.

சேலையூரில் அக்கா இருந்த வீட்டுக்குப் போனேன். வேறு ஆட்கள் இருந்தார்கள். "அவுங்க காலி பண்ணிகினு போய் ரொம்ப நாளாச்சு சார். எங்க போனாங்கன்னு தெர்ல" என்றார் கீழ்வீட்டுக்காரர். கல்லூரி வாசலில் காவலாளி என்னை உள்ளேயே விடவில்லை. அக்கா போகிற சர்ச் எதுவென்று நான் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அதனால் தாம்பரத்தைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு சர்ச்சுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக, ஆராதனை முடிகிற நேரத்தில் போய் வாசலில் நிற்கிறேன். வெளியே வருகிறவர்களிடம் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன்.

ஆறாவது சர்ச்சில் ஒரு பெண் நின்றார். அக்காவின் வயதுதான் இருக்கும். பெயரைக் கேட்டதும் கையிலிருந்த பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"கூட வேலை செஞ்சேங்க."

"எந்த எடத்துல?"

சொன்னேன். மெத்தைக் கடை மாடி என்று சொன்னதும் அந்த முகம் இறுகியதைப் பார்த்தேன்.

"நம்பரைக் குடுத்துட்டுப் போங்க. கேட்டுட்டு சொல்றேன்."

யாரைக் கேட்டுவிட்டு என்று நான் கேட்கவில்லை. என் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கீழே பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார்.

அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. நான் வேறு எந்த சர்ச்சுக்கும் போகவில்லை. ஃபோனைச் சார்ஜில் போட்டாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.